பி.காம். வகுப்பில் கூட்டம், கணக்கு வகுப்பில் வாத்தியார்!

கல்லிடைக்குறிச்சி மாணவ–மாணவிகள் படிக்கும் பாடம் எது? பாடம் நடத்துபவர் யார்?

கல்லிடைக்குறிச்சி–

பிளஸ்–2 தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். கல்லிடைக்குறிச்சியில் டீக்கடை பெஞ்சு முதல் ரெயில் நிலையம் வரை ஒரே பேச்சுதான்.

"என்ன அண்ணாச்சி, மகளுக்கு எந்தக் காலேஜ்?"

"காலேஜ் எதுவானாலும் சரி. பி.காம். கிடைச்சாப் போதும்."

பி.காம். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுவும் இல்லை என்றால் பி.சி.ஏ. அல்லது பி.பி.ஏ. அதற்கு அடுத்த இடம் ஆங்கில இலக்கியத்துக்கு.

கணிதம், இயற்பியல், வரலாறு, பொருளாதாரம் எல்லாம் வரிசையில் கடைசி. "வேற எதுவும் கிடைக்கலைன்னா பார்ப்போம்" என்பதுதான் அந்தப் பாடங்களுக்குக் கிடைக்கும் மரியாதை.

இது பிள்ளைகளின் விருப்பம், இதில் என்ன வம்பு என்று கேட்கலாம்.

வம்பு இருக்கிறது. கூட்டம் முண்டியடிக்கும் வகுப்பில் நிரந்தர வாத்தியார் இல்லை. நிரந்தர வாத்தியார் இருக்கும் வகுப்பில் கூட்டம் இல்லை. இது தற்செயலாக நடந்ததும் இல்லை.

எங்கே படிக்கிறார்கள்?

கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். அங்கே அம்பை கலைக்கல்லூரி இருக்கிறது.

மேற்கே போனால் பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரி. இன்னொரு பக்கம் ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி.

கொஞ்சம் வசதி இருந்தால், காலை ரெயிலிலோ பஸ்சிலோ ஏறி நெல்லை, பாளையங்கோட்டை. தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர், சதக்கத்துல்லா அப்பா, ராணி அண்ணா, பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று பட்டியல் நீளும். "தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என்று பாளையங்கோட்டைக்குப் பேர் வந்ததே இந்தப் பள்ளி, கல்லூரிகளால்தான்.

இத்தனை கல்லூரிக்கும் தலைமை இடம் ஒன்றே. அது நெல்லை–தென்காசி ரோட்டில் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இருந்து தென்மாவட்டக் கல்லூரிகளைப் பிரித்து 1990-ல் இந்தப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. அதுவரை நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துக்காரர்கள் ஒரு சான்றிதழுக்குக் கூட மதுரைக்கு ஓட வேண்டி இருந்தது.

ஆக, கல்லிடைக்குறிச்சி மாணவர் அம்பையில் படித்தாலும் பாளையில் படித்தாலும் பட்டம் அபிஷேகப்பட்டியில் இருந்துதான் வருகிறது.

கூட்டம் வந்தது எப்படி?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருப்பது நல்ல சேதி. அதில் சந்தேகம் இல்லை.

மத்திய அரசின் 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 100-க்கு 28.4. தமிழ்நாட்டில் அது 47.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 செப்டம்பர் 5-ந் தேதி புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் ரூ.1,000. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் உதவி உண்டு என்று 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடங்கி வைக்கப்பட்டது.

இதன் பலன் தாமிரபரணிக் கரையில் கண்கூடாகத் தெரிகிறது. பீடி சுற்றும் வீடு, அப்பளம் இடும் வீடு, தறி ஓடும் வீடு. அந்த வீடுகளில் இருந்து முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்பிள்ளைகள் இன்று காலை பஸ்சில் நிற்க இடம் இல்லாமல் போகிறார்கள்.

ஒரு காலத்தில் கல்லூரி என்றால் அக்கிரகாரத்துப் பையன்கள், பண்ணை வீட்டுப் பையன்கள். இன்று அந்த வேலி உடைந்துவிட்டது.

வேலி உடைந்து உள்ளே வந்தவர்களுக்குப் பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பி.காம்.முக்கு ஏன் இந்த மவுசு?

பெற்றோரை ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவு எடுக்கிறார்கள்.

பி.காம். மூன்று வருஷம். முடித்த கையோடு ஆடிட்டர் ஆபீசிலோ, ஜவுளிக்கடையிலோ, மில்லிலோ கணக்கு எழுதப் போகலாம். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரர் கூட மாதாமாதம் கணக்கு காட்ட வேண்டி இருக்கிறது. கம்ப்யூட்டரில் கணக்கு பதியத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு.

பேங்க் பரீட்சை எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். "எந்த டிகிரியானாலும் சரி" என்று சொல்லும் வேலைகளுக்குச் சுலபமாகத் தேறும் டிகிரி எதுவோ, அதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

கம்ப்யூட்டர் பாடத்துக்கும் இதே நியாயம்தான். பி.ஈ. சேர வசதி இல்லாத வீட்டுக்கு பி.சி.ஏ. ஒரு குறுக்கு வழி. அதைப் படித்தவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டான் என்று தெருவில் ஒருத்தரைக் காட்டினால் போதும். அடுத்த வருஷம் அந்தத் தெருவில் நாலு பேர் அதே பாடம் கேட்பார்கள்.

கணக்குக்கு என்ன வந்தது?

முந்தைய தலைமுறையில் நெல்லைச் சீமையில் பி.எஸ்சி. கணிதம் என்றால் தனி மதிப்பு. மூன்று வருஷம் பி.எஸ்சி., ஒரு வருஷம் பி.எட்., பிறகு பள்ளிக்கூட வேலை. "கணக்கு வாத்தியார்" என்றால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

அந்தப் பாதையில் ஒவ்வொன்றாகக் கேட் போட்டார்கள்.

2015–16 முதல் பி.எட். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆக மொத்தம் ஐந்து வருஷம். அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு. தகுதித் தேர்வில் தேறினாலும் வேலை இல்லை; வேலைக்கு என்று தனியாகப் போட்டித் தேர்வு உண்டு என 2018-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது.

ஐந்து வருஷம் படிப்பு, இரண்டு பரீட்சை, அப்புறம் காத்திருப்பு.

"அஞ்சு வருஷம் படிச்சு, ரெண்டு பரீட்சை எழுதி, அதுக்கப்புறமும் வீட்டுல இருக்கணுமா?" என்று ஒரு தாய் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இயற்பியல், வேதியியல், வரலாறு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். பள்ளி ஆசிரியர் வேலைதான் இந்தப் பாடங்களின் பெரிய வாசல். அந்த வாசல் குறுகியதும் வகுப்பு காலியாக ஆரம்பித்தது.

தலைகீழ்க் கணக்கு

இதுவரை சொன்னது எல்லோரும் அறிந்த கதை. இனிமேல் சொல்வதைத்தான் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றுக்குள் இரண்டு கல்லூரி இருக்கிறது. ஒன்று, அரசு உதவி பெறும் பிரிவு. மற்றது, சுயநிதிப் பிரிவு.

கட்டிடம் ஒன்று. கேட் ஒன்று. முதல்வர் அறையும் ஒன்று. சம்பளப் பட்டியல் மட்டும் இரண்டு.

அரசு உதவி பெறும் பிரிவில் வாத்தியாருக்கு அரசு சம்பளம். யு.ஜி.சி. ஏழாவது சம்பளக் கமிஷன் விகிதப்படி, புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே ரூ.57,700. பஞ்சப்படி தனி. மாணவர் கட்டும் பீசும் குறைவு.

சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டும் பீசில் இருந்துதான் வாத்தியாருக்குச் சம்பளம். அரசு ஒரு பைசா தருவதில்லை. பீசு கூடுதல், சம்பளம் குறைச்சல்.

எந்தப் பாடம் எந்தப் பிரிவில் இருக்கிறது? அதில்தான் சூட்சுமம்.

1990-களுக்கு முன்பே தொடங்கிய பாடங்கள் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில் இருக்கின்றன. அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு, பொருளாதாரம், தமிழ். அதற்குப் பிறகு புதுப் பாடங்களுக்கு அரசு மானியம் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆகிவிட்டது. எனவே அப்புறம் வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.பி.ஏ., பி.காம்.மில் கூடுதலாகத் திறந்த வகுப்புகள் எல்லாம் பெரும்பாலும் சுயநிதி.

விளைவு என்ன? அரசு சம்பளம் தரும் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு அரசு சம்பளம் இல்லை.

பீடி சுற்றும் வீட்டுப் பெண் கூடுதல் பீசு கட்டி, நிரந்தரம் இல்லாத வாத்தியாரிடம் பாடம் கேட்கிறாள். அடுத்த அறையில் அரசு சம்பளம் பெறும் பேராசிரியர் பாதி காலியான பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்.

கௌரவம் பேரில் மட்டும்

அரசுக் கல்லூரிகளில் வேறு மாதிரிக் கதை. அங்கே நிரந்தர இடம் காலியானால் "கௌரவ விரிவுரையாளர்" என்ற பேரில் ஆள் போடுகிறார்கள்.

பேரில்தான் கௌரவம். எம்.ஏ., எம்.பில்., பி.எச்டி., நெட் தேர்வு எல்லாம் முடித்து தலை நரைத்தவர்கள் கூட அந்தப் பட்டியலில் உண்டு.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500 வீதம், மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-ல் வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் இந்தத் தொகை பல வருஷங்கள் ரூ.20,000, ரூ.25,000 என்ற அளவிலேயே நின்றது. இதற்காக நடந்த ஆர்ப்பாட்டங்களும் கோர்ட்டு வழக்குகளும் கொஞ்சநஞ்சம் அல்ல.

நிரந்தர நியமனம் என்ன ஆயிற்று?

2019-ல் அரசுக் கல்லூரிகளுக்கு 2,300-க்கு மேற்பட்ட உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. நியமனம் ஆகாமலே அந்த அறிவிப்பு முடிந்து போனது.

2024 மார்ச் மாதம் 4,000 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு வந்தது. பரீட்சை தேதி தள்ளித் தள்ளிப் போனது.

2019-ல் விண்ணப்பம் போட்டவருக்கு அப்போது 35 வயது என்றால், 2024 அறிவிப்பு வந்தபோது 40 வயது. நடுவில் அவர் எத்தனை கல்லூரி மாறி இருப்பார், எத்தனை செட் பிள்ளைகளை அனுப்பி வைத்திருப்பார் என்று கணக்கிட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

கல்லிடைக்குறிச்சி தந்த பேராசிரியர்

நிரந்தர வாத்தியார் என்றால் அப்படி என்ன பெரிசு என்று கேட்பவர்களுக்குப் பதில் கல்லிடைக்குறிச்சியிலேயே இருக்கிறது.

தென்னிந்திய வரலாறு என்றதும் உலகமே சொல்லும் பெயர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. இனிஷியலில் உள்ள "கே" என்பதே கல்லிடைக்குறிச்சிதான். 1892-ல் இந்த ஊரில் பிறந்தவர்.

நெல்லை இந்துக் கல்லூரியில் படித்து, சென்னையில் எம்.ஏ. முடித்து, 1913-ல் அதே இந்துக் கல்லூரிக்கு வாத்தியாராக வந்தார். 1918 வரை நெல்லையில் பாடம் நடத்தினார். பிறகு காசி இந்து பல்கலைக்கழகம், சிதம்பரம், திருச்சி என்று பணியாற்றினார்.

1929-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். 1946 வரை, 17 வருஷம் அந்த நாற்காலி அவருடையது. சோழர் வரலாறு பற்றிய அவரது பெரிய ஆங்கில நூலின் முதல் பாகம் 1935-ல் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

செமஸ்டருக்கு ஒரு முறை "அடுத்த வருஷம் வேலை உண்டா?" என்று கேட்டுக் கொண்டு நின்றிருந்தால் அந்த நூல் வந்திருக்குமா?

அந்தக் காலத்தை அப்படியே புகழவும் வேண்டியதில்லை. அன்று வகுப்பறை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கல்லூரி இல்லை. தமிழை விட ஆங்கிலத்தில்தான் தமது கருத்தைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது என்று சாஸ்திரி எழுதப் போக, பாரதியார் அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

அந்தச் சண்டை இன்றும் தீரவில்லை. பிளஸ்–2 வரை தமிழில் படித்த பிள்ளை பி.காம். வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து முழிக்கிறது. அந்தப் பிள்ளையைக் கைபிடித்துத் தூக்கிவிட மூன்று வருஷமும் கூடவே இருக்கிற வாத்தியார் வேண்டும். பாதியில் மாறிப் போகிறவரால் அது முடியாது.

வாத்தியார் நிலைத்தால் பாடம் நிலைக்கும்

இதற்கு அபிஷேகப்பட்டியிலேயே ஓர் உதாரணம் உண்டு. அது குற்றவியல் துறை.

குற்றவியல் என்ற பாடத்தை நடத்தும் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே. சென்னைக்கு அடுத்தபடி அந்தத் துறைக்குப் பேர் வாங்கித் தந்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். குற்றம் செய்தவனைப் பற்றி மட்டும் படித்தால் போதாது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைப் பற்றியும் படிக்க வேண்டும் என்ற பாடத்தை இங்கே வளர்த்தவர் பேராசிரியர் கே.சொக்கலிங்கம். பிற்பாடு இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

"குற்றவியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அன்றும் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பேராசிரியர் நின்று நிலைத்து ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கியதும் பாடத்தைத் தேடி வெளியூர்ப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆழ்வார்குறிச்சியில் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் அப்படித்தான். பொதிகை மலையும் தாமிரபரணியும் பக்கத்தில் இருக்க, சுற்றுச்சூழல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

மவுசு தானாக வருவதில்லை. நல்ல வாத்தியார் இருந்தால் கொண்டு வரலாம்.

பேச்சு எல்லாம் பெரிய நாற்காலி பற்றி

பல்கலைக்கழகம் பத்திரிகையில் அடிபடுவது வேறு விஷயத்துக்காக.

2025 ஆகஸ்டு 13-ந் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவில் ஆராய்ச்சி மாணவி ஒருவர், வேந்தரான கவர்னர் கையில் பட்டம் வாங்காமல் பக்கத்தில் நின்ற துணைவேந்தரிடம் வாங்கிக் கொண்டார். நாடு முழுக்க பரபரப்பு.

துணைவேந்தரை நியமிப்பது கவர்னரா, மாநில அரசா என்ற சண்டையும் 2025-ல் உச்சத்துக்குப் போனது. கவர்னர் நிறுத்தி வைத்த மசோதாக்கள் பற்றிய வழக்கில் ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தமிழக அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. மே 21-ந் தேதி, நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது.

துணைவேந்தர் நாற்காலி முக்கியம்தான். 1992 முதல் 1998 வரை இங்கே துணைவேந்தராக இருந்த வே.வசந்தி தேவி, 2025 ஆகஸ்டில் காலமானபோது தென்மாவட்ட ஆசிரியர்கள் அவரை நினைத்து உருகினார்கள். ஒரு நல்ல துணைவேந்தர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் பெரிய நாற்காலியில் யார் என்று கேட்கும் அளவுக்கு, வகுப்பறை நாற்காலியில் யார் என்று யாரும் கேட்பதில்லை. கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்குத் தினம் தினம் வேண்டியது அந்தச் சின்ன நாற்காலிதான்.

காலி வகுப்பு என்ன செய்யும்?

"கூட்டம் இல்லாத பாடத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதானே? அரசு பணம் எதுக்கு வீணாகணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்பது யு.ஜி.சி. கணக்கு. முதல் வருஷத்தில் ஆள் சேரவில்லை என்றால் அந்த மணி நேரம் குறையும். மணி நேரம் குறைந்தால், ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த இடத்தை நிரப்பக் காரணம் காட்ட முடியாது. ஒரு நாற்காலி போகும். நாற்காலி போனால் பாடத்தின் பேர் கெடும். பேர் கெட்டால் அடுத்த வருஷம் இன்னும் ஆள் குறையும்.

இது சறுக்கு மரம். கீழே வந்துதான் நிற்கும்.

கீழே என்றால் எங்கே? பள்ளிக்கூடத்தில்.

கல்லிடைக்குறிச்சி திலகர் வித்யாலயம் ஆகட்டும், சுற்று வட்டார அரசுப் பள்ளிகள் ஆகட்டும், அங்கே கணக்குக்கும் அறிவியலுக்கும் வாத்தியார் எங்கிருந்து வருவார்? பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவர்தான் வர வேண்டும். இன்று அந்த வகுப்பு காலி என்றால், இன்னும் பத்து பதினைந்து வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பஞ்சம்.

கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளியில் படித்த பிள்ளை கம்ப்யூட்டர் சயின்சிலும் தேறாது, பி.காம்.மிலும் தடுமாறும். இன்று மவுசு உள்ள பாடத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானிலும் நடந்தது

இந்தச் சண்டை நெல்லைக்கு மட்டும் உரியது அல்ல.

2015 ஜூன் மாதம் ஜப்பான் கல்வி அமைச்சகம் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல் போன்ற துறைகளை மறுபரிசீலனை செய்து, சமூகத்துக்கு அதிகம் தேவைப்படும் துறைகளுக்கு மாறுங்கள் என்பது அதன் சாரம்.

எதிர்ப்பு கிளம்பியது. அந்த நாட்டுப் பெரிய தொழில் அதிபர்கள் சங்கமே, "இப்படி ஒருபக்கமாகப் படித்தவர்களை நாங்கள் கேட்கவில்லை" என்ற பொருள்பட அறிக்கை விட்டது.

வேலை கொடுக்கும் முதலாளிகளே பல பாடமும் வேண்டும் என்கிறபோது, தாமிரபரணிக் கரையில் மட்டும் இரண்டே பாடம் போதும் என்று எப்படி விட முடியும்?

இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தாலே போதும். "மனோன்மணீயம்" நாடகம் எழுதிய பெ.சுந்தரம் பிள்ளை (1855–1897) நெல்லை இந்துக் கல்லூரியின் ஆரம்ப நாட்களில் அங்கே பணியாற்றி, பிறகு திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடல் அவருடையது. அவர் பேரால் நடக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளில் "நான் தத்துவம் படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லத் துணிகிறவர் எத்தனை பேர்?

என்ன வழி?

முதல் வழி, கூட்டம் உள்ள பாடத்துக்கு அரசு சம்பளத்தில் வாத்தியார். பி.காம்., கம்ப்யூட்டர் வகுப்புகள் வந்து பல வருஷம் ஆகிவிட்டன. இனியும் அவற்றைப் "புதுப் பாடம்" என்று சொல்லி மானியத்தை மறுப்பதற்குக் காரணம் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாதம் ரூ.1,000 தருகிற அரசு, அந்தப் பிள்ளை உட்காரும் வகுப்புக்கு வாத்தியாரையும் தரத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரூ.1,000 சுயநிதிப் பீசுக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது, கூட்டம் குறைந்த பாடத்தை மூடாமல் சேர்த்து நடத்துவது. அம்பை, பாபநாசம், ஆழ்வார்குறிச்சி எல்லாம் கிட்டத்தட்ட ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் அடங்கும். மூன்று இடத்தில் மூன்று பாதி வகுப்பு நடத்துவதை விட, வாரத்தில் சில நாள் ஒரே இடத்தில் ஒரு முழு வகுப்பு நடத்தலாம். பல்கலைக்கழகம் மனம் வைத்து விதி வகுத்தால் நடக்கிற காரியம்.

மூன்றாவது, ஆசிரியர் வேலைக்கான பாதையைச் சீராக்குவது. அறிவிப்பு வந்தால் குறித்த வருஷத்துக்குள் நியமனம் என்ற நம்பிக்கை பிறந்தால், கணக்கு வகுப்புக்குப் பிள்ளைகள் தாமாக வருவார்கள். இதற்கு விளம்பரம் தேவைப்படாது.

நான்காவது பெற்றோர் கையில் இருக்கிறது. விண்ணப்பம் வாங்கப் போகிறவர்கள் பீசு எவ்வளவு, பஸ் வசதி உண்டா என்று கேட்கிறார்கள். இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

இந்தப் பாடம் உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?

இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்?

போன வருஷம் இருந்தவர்களில் இந்த வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடையில் புளி வாங்கும்போது கூட புதுப்புளியா, பழம்புளியா என்று கேட்கத்தானே செய்கிறோம் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். இது பிள்ளையின் மூன்று வருஷம்.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக வரும் காலை பஸ்களில் புத்தகப் பையோடு தொங்கிக் கொண்டு வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நாற்காலியை நிரப்புவது அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய பங்கு.